குமாரசாமி தங்கராஜ்: ஆய்வுக் கட்டுரைகளும் மேற்கோள் கணக்கும்

குமாரசாமி தங்கராஜ், ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் (சிசிஎம்பி) நெடுங்காலம் பணியாற்றிய மனித மரபணுவியலாளர். அதே நகரிலுள்ள டி.என்.ஏ. ரேகை மற்றும் நோயறிதல் மையத்தின் இயக்குநராகவும் இருந்தவர். இந்திய மக்களின் மரபுவழி வரலாறு, பரம்பரை நோய்கள் ஆகியவை குறித்த இவருடைய கட்டுரைகள் உலக அளவில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுபவை.

மேற்கோளை எண்ணுவது எப்படி?

ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையில் முன்பு வெளிவந்த இன்னொரு கட்டுரையைச் சுட்டினால் அது ஒரு மேற்கோள். இதை எண்ணுவதற்கான அறிவியல் மேற்கோள் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1964இல் வெளியிட்டார். இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005இல் எச்-சுட்டெண் என்னும் அளவை முன்வைத்தார். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய பழக்கத்தில், இதை மீன்கூடைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். பத்துப் படகுகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்துக் கூடை மீன் கொண்டுவந்தால் சுட்டெண் 10. ஒரே படகில் ஆயிரம் கூடை வந்து, மற்றவை வெறும் வலையோடு திரும்பினால் சுட்டெண் 1தான். படகு என்பது கட்டுரை, கூடை என்பது மேற்கோள்.

ஆனால் ஓர் இடத்தில் இந்த உவமை பொருந்தாது. கடலிலோ ஏரியிலோ பிடித்த மீனைப் படகில் போனவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். மேற்கோளில் பங்கு கிடையாது. கட்டுரையில் பெயருள்ள ஒவ்வொருவர் கணக்கிலும் முழுக்கூடையும் ஏறும். தெற்கு, மத்திய ஆசிய மக்கள் உருவானது பற்றி 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரையில் தங்கராஜும் ஓர் ஆசிரியர். அதில் நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் உண்டு. எனவே வெறும் கூட்டுத்தொகையைப் பார்க்காமல், பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இத்துறையில் பொதுவாக முதல் பெயர் வேலையைப் பெரும்பாலும் செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வை வழிநடத்தியவருடையது.

நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லை தலைப்பெழுத்து. ‘கே. தங்கராஜ்’ என்று தேடினால் வேறு துறைகளைச் சேர்ந்த தங்கராஜ்களின் கட்டுரைகளும் சேர்ந்து வரும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 2012 முதல் ஆய்வாளர்களுக்கு ‘ஆர்க்கிட்’ என்ற தனி எண் வழங்கப்படுகிறது.

முக்கியக் கட்டுரைகள்

அந்தமானின் ஓங்கே, பெரிய அந்தமானியர் ஆகியோரின் தாய்வழி டி.என்.ஏ.வை ஆராய்ந்த கட்டுரை 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து முதலில் வெளியேறிய மனிதரின் வழியினராக, மிக நீண்ட காலம் தனித்து வாழ்ந்தவர்கள் இவர்கள் என்பது அதன் முடிவு. மறு ஆண்டே அதே இதழில் பழனிச்சாமி என்ற ஆய்வாளரும் உடனிருந்தோரும் மறுப்பு எழுதினர்: அந்தமானியரின் தாய்வழிக் கிளைக்கு நெருக்கமானவை இந்திய நிலப்பரப்பிலும் கிடைக்கின்றன என்பது அவர்கள் வாதம். அந்த மறுப்பும் கணக்கில் ஒரு மேற்கோள்தான்! பாராட்டையும் மறுப்பையும் அட்டவணை பிரித்துப் பார்ப்பதில்லை.

அதிகம் மேற்கோள் பெற்றவற்றுள் ஒன்று, டேவிட் ரைக், லால்ஜி சிங் முதலியோருடன் 2009இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்து, இன்றைய இந்தியரில் பெரும்பாலோர் இரு பழங்கால மக்கள்திரள்களின் கலப்பில் வந்தவர்கள் என்று அது காட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் இதைச் சுட்டியுள்ளன.

அதே 2009இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வந்த இதயத்தசை நோய்க் கட்டுரை பெற்ற மேற்கோள்கள் இதைவிடக் குறைவு. ஆனால் நம் வீடுகளுக்கு அதுதான் நெருக்கமானது என்பது என் கருத்து. இதயத்தசைப் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் (எம்.ஒய்.பி.பி.சி.3) 25 எழுத்துகள் விடுபட்டிருந்தால், நடுவயதுக்குப் பின் இதயச் செயலிழப்பு வரும் ஆபத்து பலமடங்கு கூடுகிறது. இந்தியரில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேரிடம் இக்குறை உண்டு. முதல் ஆசிரியர் பெருந்துறை தண்டபாணி. நோய் பெரும்பாலும் பிள்ளை பெற்ற பிறகே வெளிப்படுவதால், குறை அடுத்த தலைமுறைக்கும் போய்விடுகிறது.

2017இல் அதே இதழில் வந்த கட்டுரை, திருமண வட்டம் பற்றியது. ஆராய்ந்த 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்கள், சில மூதாதையரிடமிருந்து பெருகித் தங்களுக்குள்ளேயே மணம் முடித்துவந்ததன் தடயத்தை மிக வலுவாகக் காட்டின. பரம்பரை நோய் ஆய்வில் பெயர்பெற்ற பின்லாந்து மக்களைவிடவும் அது வலுவானது. வைசிய சமூகத்தில் பியூட்டிரில்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதிக் குறைபாடு பிறரைவிடச் சுமார் நூறு மடங்கு அதிகம் என்பதை அக்கட்டுரை எடுத்துக்காட்டாகத் தருகிறது. அக்குறைபாடு உள்ளவருக்கு அறுவை சிகிச்சையில் சில தசைத் தளர்த்தி மருந்துகள் கொடுத்தால் மூச்சு திரும்ப நெடுநேரமாகும். மயக்க மருத்துவர் முன்பே அறிந்திருந்தால் மருந்தை மாற்றலாம்.

இதை மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நெருங்கிய உறவில் மணம் செய்யாத குடும்பத்திலும், சமூகத்துக்குள்ளேயே பல தலைமுறை பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தால், கணவனும் மனைவியும் ஒரே பழைய மூதாதையின் குறையைச் சுமக்க வாய்ப்புண்டு. பழவேற்காட்டுக் குப்பங்களானாலும் கொங்குநாட்டு ஊர்களானாலும் திருமண வட்டம் பெரும்பாலும் அப்படித்தான் இருந்துவந்திருக்கிறது. குடும்பத்தில் இளவயது இதயநோயோ, மயக்க மருந்தில் சிக்கலோ நேர்ந்திருந்தால் மருத்துவரிடம் அதை வாய்விட்டுச் சொல்வது உதவும்.