வினாவின் வடிவமும் குழந்தையின் சிந்தனையும்: பியாஜே முதல் டொனால்ட்சன் வரை

முன்னுரை

ழான் பியாஜே (1896–1980) என்னும் பெயரை அறியாத ஆசிரியர் பயிற்சி மாணவர் இலர் எனலாம். பிறப்பு முதல் ஏறத்தாழ இரண்டு வயது வரை புலனியக்க நிலை, ஏழு வயது வரை செயற்பாட்டுக்கு முந்தைய நிலை, பதினொரு வயது வரை பருப்பொருள்சார் செயற்பாட்டு நிலை, அதன்பின் முறைசார் செயற்பாட்டு நிலை என அவர் வகுத்த நான்கு படிநிலைகளும் மனனம் செய்யப்பெற்று விடைத்தாளில் எழுதப்பெறுகின்றன. ஆயின், அப்படிநிலைகளுக்கு ஆதாரமாக அமைந்த வினாக்கள் எத்தகையவை என்பது அரிதாகவே பேசப்படுகின்றது. குழந்தையின் சிந்தனையை நாம் நேரே காண்பதில்லை. அது தரும் விடையின் வழியாகவே ஊகிக்கின்றோம். ஆதலின், வினாவின் அமைப்பு இக்கோட்பாடுகளின் அடித்தளத்தையே தொடுவதாகும். அதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

தவறான விடைகளின் ஒழுங்கு

சுவிட்சர்லாந்தில் பிறந்த பியாஜே, நத்தை முதலிய மெல்லுடலிகளை ஆராய்ந்து 1918இல் முனைவர் பட்டம் பெற்றவர். 1920ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில், ஆல்பிரட் பினேயின் உடனுழைப்பாளரான சிமோன் அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். ஆங்கிலேயரான சிரில் பர்ட் உருவாக்கிய பகுத்தறிதல் சோதனைகளைப் பாரிஸ் சிறுவர்க்கு ஏற்பத் தரப்படுத்துவதே அப்பணி. சரியான விடைகளை எண்ணுவதே அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது. அவரோ தவறான விடைகளில் மனம் செலுத்தினார். ஒரே வயதுச் சிறுவர் ஒரே வகையாகத் தவறுவதையும், அத்தவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதையும் கண்டார். குழந்தை குறைவாகச் சிந்திக்கும் பெரியவர் அன்று, வேறுவகையாகச் சிந்திப்பவர் என்னும் அவர்தம் அடிப்படைக் கருத்து இங்கிருந்தே முளைத்தது. ஆசிரியர் உலகுக்கு அவர் அளித்த பெருங்கொடை இதுவே என்பது என் கருத்து. படிநிலைகள் அதற்கு அடுத்தனவே.

எண்ணிக்கை மாறாமை பற்றிய அவர்தம் சோதனை பலரும் அறிந்தது. இரு வரிசைகளில் சம எண்ணிக்கையிலான வில்லைகள் எதிரெதிரே அடுக்கப்படும். இரண்டும் சமமா எனக் கேட்டால் குழந்தை 'ஆம்' என்னும். பின்னர், ஆய்வாளர் குழந்தை காணவே ஒரு வரிசையை நீட்டிவைத்து அதே வினாவை மீண்டும் கேட்பார். ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் நீண்ட வரிசையில் வில்லைகள் கூடுதலாக உள்ளன என்று கூறும். தோற்றம் மாறினும் எண்ணிக்கை மாறாது என்னும் கருத்து அதற்கு இன்னும் அமையவில்லை என்பது பியாஜேயின் முடிபு.

அறிவினாவும் குழந்தையும்

நன்னூலார் வினாவை அறு வகைப்படுத்தியதை நாம் அறிவோம். அவற்றுள் அறிவினா என்பது, விடையை அறிந்த ஒருவர் பிறர் அறிவை அளத்தற் பொருட்டோ அறிவித்தற் பொருட்டோ கேட்பது. பியாஜேயின் வினா அறிவினாவே. ஆயின், குழந்தை அதனை அவ்வாறு கொண்டதா? பெரியவர் ஒருவர் கண்முன்னே ஒன்றை மாற்றிவிட்டு, சற்று முன் கேட்டதையே மறுபடியும் கேட்கின்றார். முன்னைய விடை இப்போது பொருந்தாது போலும் எனக் குழந்தை கருதினால் அது பிழையான ஊகம் அன்று. பேச்சு வழக்கை நன்கறிந்ததன் அடையாளம்.

1974இல் ரோஸ், பிளாங்க் ஆகிய இருவரும் மாற்றத்திற்குப் பின் ஒரு முறை மட்டுமே வினவினர். ஆறு வயதினர் பிழைப்பது குறைந்தது. எடின்பரோவில் மக்கேரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் செய்த சோதனை இன்னும் சுவையானது. வரிசையைக் கலைத்தது ஆய்வாளர் அல்லர், பெட்டியிலிருந்து வெளிப்பட்ட ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை. நான்கு முதல் ஆறு வயது வரையிலான 80 குழந்தைகளுள், வழக்கமான முறையில் 13 பேரே சரியாக விடையிறுத்தனர். கரடி கலைத்தபோது 50 பேர்.

வகுப்பு உள்ளடக்கம் பற்றிய சோதனையும் இத்தகையதே. மூன்று கறுப்பு மாடுகள், ஒரு வெள்ளை மாடு என நான்கு பொம்மைகளைப் படுக்கவைத்து, அவை உறங்குவதாக மக்கேரிகிள் கூறினார். 'கறுப்பு மாடுகள் அதிகமா, மாடுகள் அதிகமா?' என்னும் வினாவுக்கு ஆறு வயதினருள் 25 விழுக்காட்டினரே சரியாக விடை கூறினர். 'கறுப்பு மாடுகள் அதிகமா, உறங்கும் மாடுகள் அதிகமா?' என மாற்றியதும் அது 48 விழுக்காடாயிற்று. தமிழில் கேட்டாலும் முதல் வினாவில் 'மாடுகள்' என்பதை 'ஏனைய மாடுகள்' எனக் கொள்வதே இயல்பு. முதியோரும் ஒரு கணம் தடுமாறுவர்.

இவற்றால் பியாஜே வீழ்ந்தார் எனச் சிலர் எழுதுவது மிகை. கரடி கலைத்தபோதும் 30 குழந்தைகள் பிழைத்தனர் என்பதை மறத்தல் ஆகாது. திறன் தோன்றும் வயதை அவர் பிற்பட்டதாக மதிப்பிட்டார் என்பதே இச்சோதனைகளிலிருந்து உறுதியாகக் கொள்ளத்தக்கது.

வைகாட்ஸ்கி காட்டிய வழி

பியாஜே பிறந்த அதே ஆண்டில் பிறந்து 1934இல் காசநோயால் மறைந்த வைகாட்ஸ்கி, சிந்தனை பிறரோடு கொள்ளும் உறவில் தோன்றி உள்நோக்கிச் செல்கின்றது என்றார். விளையாடும்போது குழந்தை தனக்குத்தானே பேசிக்கொள்வதைத் தன்மையப் பேச்சு எனப் பியாஜே 1923இல் விளக்கியிருந்தார். சமூகப் பழக்கம் மிகுந்தால் அது மறையும் என்பது அவர் கருத்து. வைகாட்ஸ்கி, படம் வரையும் குழந்தைக்கு வேண்டிய தாளோ வண்ணமோ கிடைக்காதவாறு செய்து பார்த்தார். இடர் நேர்ந்தபோது அப்பேச்சு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அது மறைவதில்லை, உள்ளுரையாக மாறுகின்றது என்று அவர் முடிவு செய்தார்.

அவர்தம் 'அண்மை வளர்ச்சி மண்டலம்' என்னும் கருத்தும் வினாவோடு தொடர்புடையது. எட்டு வயதுக்குரிய மனவளர்ச்சி உடையோராகச் சோதனையில் மதிப்பிடப்பெற்ற இருவரை அவர் எடுத்துக்காட்டுகின்றார். சிறிது துணை செய்தவுடன் ஒருவர் பன்னிரண்டு வயதுக்குரிய கணக்குகளையும் மற்றவர் ஒன்பது வயதுக்குரியவற்றையும் தீர்க்கின்றனர். துணையற்ற வினா இவ்விருவரையும் ஒன்றாகவே காட்டியது.

தமிழ் வகுப்பறையில்

மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013–2025 உயர்நிலைச் சிந்தனைத் திறனை வலியுறுத்தியதன் பின்னர், நம் பயிற்றிகளில் 'ஏன்', 'எவ்வாறு' என்னும் வினாக்கள் பெருகின. அவற்றுக்கு விடை கூறாத மாணவரைச் 'சிந்தனை குன்றியவர்' எனக் குறித்துவிடுதல் எளிது. இல்லத்தில் ஆங்கிலம் மிகுதியும் வழங்கும் சிங்கப்பூர்க் குழந்தையிடம் இத்தீர்ப்பு இன்னும் எளிதில் நேர்கின்றது. அங்கே வினாவின் சொல்லே குழந்தைக்கு எட்டாதிருத்தல் கூடும். 'எந்த வரிசை பெரியது?' என்னும் எளிய தொடரிலும் நீளம், எண்ணிக்கை ஆகிய இரு பொருளும் உண்டு.

தன்மையப் பேச்சையும் இவ்விடத்துக் கருத வேண்டும். ஒரு புதிரை அவிழ்க்கும்போது குழந்தை மலாயும் ஆங்கிலமும் கலந்து முணுமுணுக்கின்றது. 'தமிழில் பேசு' என அக்கணமே இடைமறிக்கும் ஆசிரியரின் மொழிப்பற்றை ஐயுறுவதற்கில்லை. எனினும், வைகாட்ஸ்கியை ஏற்போமாயின், அம்முணுமுணுப்பே அப்போது அக்குழந்தையின் சிந்தனைக் கருவி. புதிர் அவிழ்ந்தபின், கண்ட வழியைத் தமிழில் கூறச் செய்யலாம். வேண்டிய சொற்களை ஆசிரியர் அப்போது வழங்கலாம். மாணவர் வாளாவிருக்கும்போது அதே வினாவை வேறு சொற்களில் ஒரு முறை கேட்டு, இரு விடைகளையும் அருகருகே குறித்து வைப்பதற்கும் மிகுந்த நேரம் ஆகாது.