வாகை சூடாதார்

புறத்திணை வகுத்த நம் முன்னோர் நிரை கவர்தற்கு வெட்சியையும், அதனை மீட்டற்குக் கரந்தையையும், மதிலை வளைத்தற்கு உழிஞையையும், அதனைக் காத்தற்கு நொச்சியையும், வென்றார் சூடுதற்கு வாகையையும் வைத்தனர். தோற்றார் சூடுதற்கெனத் தனிப் பூவொன்றை அவர் வைத்திலர். இக்குறை தமிழுக்கே உரியதன்று. எந்நாட்டு வரலாறும் பெரும்பாலும் வென்றாரையே பாடுகின்றது. ஆயினும், தோல்வியாலேயே பெயர்பெற்ற ஒரு விளையாட்டுக் குழுவின் கதையை அமெரிக்கர் இன்றும் விரும்பிச் சொல்லுகின்றனர். ஆசிரியராயுள்ளார் அறிந்துவைத்தற்கு உரிய கதை அது.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்பது நாம் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் அன்று. ரகர் ஆட்டத்தின் வழிவந்தது. பக்கத்துக்குப் பதினொருவராய் நின்று, முட்டை வடிவான பந்தை ஏந்தியும் எறிந்தும் மாற்றார் எல்லைக்குட் கொண்டுசெல்வர். நான்கு முயற்சிகளுட் பத்து யார் தூரம் முன்னேறல் வேண்டும். இயலாதெனின் பந்து எதிரிக்குரியதாகும். பிறர் நிலத்தை அடியடியாகக் கவர்தலே அவ்வாட்டத்தின் உயிர்நிலை எனலாம்.

தொழில்முறையாளர் ஆடும் தேசிய உதைபந்தாட்ட லீக்கில் 1975 வரை 26 குழுக்கள் இருந்தன. 1976 இல் புளோரிடா மாநிலத்துத் தம்பா நகரும், வடமேற்கிலுள்ள சியாற்றில் நகரும் புதிதாய்ச் சேர்ந்தன. தம்பாக் குழுவின் உரிமைக்குச் செலுத்திய கட்டணம் 1 கோடியே 60 இலட்சம் டொலர். குழுவுக்குப் ‘பக்கனியர்ஸ்’, அஃதாவது கடற்கொள்ளையர், எனப் பெயரிட்டனர். பெயரிலே கொள்ளையர், நடந்ததோ ஈகை. அவ்வாண்டு ஆடிய 14 ஆட்டங்களிலும் தோற்றனர். எடுத்த புள்ளிகள் 125; கொடுத்தவை 412. ஐந்து ஆட்டங்களில் ஒரு புள்ளிதானும் எடுத்திலர்.

இத்தோல்விக்குக் காரணம் யாது? பயிற்றுநர் அறியாதவர் என்று கூறுதல் அமையாது. ஜோன் மக்கே என்னும் அப்பெரியார் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1960 முதல் 1975 வரை பயிற்றுநராயிருந்து, 1962, 1967, 1972, 1974 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் தேசிய முதன்மையை ஈட்டிக்கொடுத்தவர். ஆசிரியர் அவரே, பாடமும் அதுவே. வேறுபட்டது மாணாக்கர் வந்த வழி. பல்கலைக்கழகத்தில் தேர்ந்த இளைஞர் அவரைத் தேடி வந்தனர். தம்பாவிலோ, பழைய குழுக்கள் தமக்கு வேண்டுவாரைக் காத்துக்கொண்டு எஞ்சவிட்டோரிலிருந்தே ஆட்டக்காரரைப் பொறுக்கல் வேண்டியிருந்தது. முதுமை எய்தினோரும் உடல் நொந்தோரும் அவருட் பலர். புதிதாய்ப் பெற்ற பெருவீரராகிய லீ ரோய் செல்மனும் அவ்வாண்டே முழங்காலிற் காயமுற்றார்.

வெற்றி அணித்தே வந்து நீங்கியதும் உண்டு. 1976 ஒக்டோபர் 17 ஆம் நாள் தம்மைப் போன்றே புதியோராகிய சியாற்றில் குழுவை எதிர்த்தனர். 10 க்கு 13 எனப் பின்னின்ற நிலையில், ஆட்டம் முடியுந் தறுவாயிற் சமனாக்க வேண்டி உதைத்த பந்தை எதிரணி வீரர் ஒருவர் இடைமறித்துத் தடுத்தார். அடுத்த கிழமை மியாமிக் குழுவிடம் 20 க்கு 23 எனத் தோல்வி. அதுவும் மூன்று புள்ளிகளாலேயே.

மக்கே துன்பத்தை அங்கதத்தால் ஆற்றியவர். ஆங்கிலத்தில் ‘எக்சிகியூஷன்’ என்னுஞ் சொல் எண்ணியதைச் செய்துமுடித்தலையும் மரண தண்டனை நிறைவேற்றுதலையும் ஒருங்கே குறிக்கும். தம் குழுவினரின் ‘எக்சிகியூஷன்’ பற்றி யாது கருதுகின்றீர் என வினாவியோர்க்கு, தாம் அதனை ஆதரிப்பதாக அவர் விடையிறுத்தார் என்பது வழங்கும் கதை. காளமேகம் பிறந்த மொழியினர்க்கு இச்சிலேடையின் சுவை விளக்க வேண்டுவதன்று.

1977 இல் மேலும் 12 ஆட்டங்கள் தோல்வியாயின. ஆகத் தொடர்ந்து 26. அவ்வாண்டு டிசெம்பர் 11 ஆம் நாள் நியூ ஓர்லியன்ஸ் நகரில் 33 க்கு 14 எனத் தம்பாக் குழு தன் முதல் வெற்றியைப் பெற்றது. வீடு திரும்பிய வீரரை எதிர்கொள்ளப் பெருங்கூட்டம் திரண்டு நின்றது. அடுத்த கிழமை தம் சொந்த மைதானத்திற் செயின்ற் லூயிஸ் குழுவையும் வென்றனர். 1979 இல் 10 வெற்றியும் 6 தோல்வியுமாகத் தம் பிரிவில் முதன்மையுற்று, இறுதிப் பெரும்போட்டிக்கு ஒரு படி கீழே நின்று லொஸ் ஏஞ்சலிஸ் குழுவிடம் 0 க்கு 9 எனத் தோற்றனர்.

இங்கே ஓர் ஏற்பாடு கருதத்தக்கது. கடைநிலையிற் கிடந்த குழுவே மறு ஆண்டில் பல்கலைக்கழக வீரருள் முதல்வனைத் தெரிந்துகொள்ளலாம் என்பது அந்த லீக்கின் விதி. வல்லார்க்கே மேலும் வலிமை சேராதவாறு காக்கும் நெறி அது. பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டே பாடசாலையை மதித்து, பெறுபேறு குறைந்த பாடசாலைக்கு நல்லாசிரியரை அனுப்பத் தயங்கும் நாம், வாணிகமாய் நடைபெறும் ஒரு விளையாட்டினிடத்தும் கற்கவேண்டியது உண்டு.

ஆயின் நெஞ்சை உறுத்துவது பிறிதொன்று. 1976 இல் அடிபட்டு வீழ்ந்தோருட் பெரும்பாலோர் 1979 இன் மகிழ்ச்சியிற் பங்கு பெற்றிலர். அதற்கு முன்னரே குழுவினின்று நீங்கினர். செல்மன் போன்ற சிலரே நிலைத்து நின்றனர். அவர் 1979 இற் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரரெனப் பாராட்டப்பெற்று, 1995 இற் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். ஏனையோர்க்கு அத்தகைய முடிவு வாய்க்கவில்லை. தோல்வி வெற்றிக்குப் படி என்பர். படியாய்க் கிடந்தவர் வேறு, ஏறினவர் வேறு ஆகுங்கால் அவ்வாறுதல் மொழி யாருக்கு ஆறுதல்?

அவருக்கு உரிய பெருமையை 1979 இல் தேடுதல் தகாது. 1976 இலேயே தேடுதல் வேண்டும். பன்னிரண்டு ஆட்டம் தோற்ற பின்னர்ப் பதின்மூன்றாம் ஆட்டத்தில், வல்லவராகிய பிற்ஸ்பேர்க் குழுவினரிடம் 0 க்கு 42 எனத் தோற்றனர். அதன்பின்னும் பதினான்காம் ஆட்டத்துக்குக் காலணி கட்டிக் களம் புகுந்தனர். அன்று 14 புள்ளி எடுத்து 31 கொடுத்தனர். வெல்லும் நம்பிக்கை மெலிந்தபின்னும் ஏற்ற கடமைக்கு நாள் தவறாது வந்து நிற்றல் எளிய செயலன்று. அதற்கு ஒரு பூ வைக்க நம் இலக்கணத்தில் இடமில்லையெனினும், நம் வகுப்பறைகளிலேனும் இடம் இருத்தல் வேண்டும்.