தாய்ப்பால் தானம்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் பால்குடம் ஏந்திச் செல்லும் பக்தர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் தோன்றும். சரவணப் பொய்கையில் குழந்தையாய்த் தோன்றிய முருகப்பெருமானுக்குப் பாலூட்டியவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். பெறாத தாயரின் பால் பருகிய தெய்வத்தை வணங்கும் நாம், தாய்ப்பால் தானம் என்றதும் முகம் சுளிக்கலாமா?

தமிழகத்திலுள்ள எங்கள் உறவுக்காரப் பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்தது. தாய்க்குப் போதிய பால் சுரக்கவில்லை. பால் வங்கியிலிருந்து கொடுக்கலாம் என்று தாதி சொன்னபோது, "யாருடைய பாலோ! என்ன குலமோ, என்ன நோயோ!" என்று பாட்டி தடுத்துவிட்டார்.

குலத்தைப் பற்றிய கேள்விக்குக் கார்த்திகைப் பெண்களே விடை. நோயைப் பற்றிய கேள்வி நியாயமானது. அதனை விளக்குவது கடமை.

குறைமாதக் குழந்தையின் குடல் முதிர்ச்சியடையாதது. பால்மாவு கொடுத்தால் குடல் அழுகும் கொடிய நோய் வரும் அபாயம் கூடுகிறது. தாய்ப்பால் அதனைக் குறைக்கிறது. பெற்ற தாயின் பாலே முதன்மையானது. அது கிடைக்காதபோது, பாதுகாப்பாகப் பதப்படுத்திய பிற தாயரின் பாலைக் கொடுக்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

தானம் செய்பவர் தம் பிள்ளைக்குப் போக மிஞ்சிய பாலையே தருகிறார். எய்ட்ஸ், கல்லீரல் அழற்சி, மேகநோய் ஆகியவை உள்ளனவா என்று அவருடைய இரத்தம் சோதிக்கப்படும். பாலை 62.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்து உடனே குளிர்விப்பார்கள். கிருமிச் சோதனையில் தேறிய பாலையே உறையவைத்துச் சேமிப்பார்கள்.

இது பணக்கார நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் இத்தகைய வங்கியைத் தொடங்கினார். அது தாராவி ஏழை மக்கள் நாடிவரும் மாநகராட்சி மருத்துவமனை. பிரேசில் நாட்டில் இன்று 200-க்கும் மேற்பட்ட பால் வங்கிகள் உள்ளன. அதன் தலைநகரில் தீயணைப்பு வீரர்களே வீடுவீடாகச் சென்று பால் புட்டிகளைப் பெற்றுவருகிறார்கள். தமிழக அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் பால் வங்கிகள் இயங்குகின்றன. கருவி இருந்தால் மட்டும் போதாது. கொடுக்கத் தாயரும், ஏற்கக் குடும்பத்தாரும் முன்வர வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை வேறு. ஒரே தாயிடம் பாலுண்டவர்கள் உடன்பிறப்புகளாவர், அவர்கள் மணம் புரியக்கூடாது என்பது இஸ்லாமிய நெறி. ஆகவே தேசிய ஃபத்வா மன்றம் 2011-இல் பால் வங்கி அமைப்பதை அனுமதிக்கவில்லை. அவ்வுணர்வை நாம் மதிக்க வேண்டும்.

எனினும் நாம் செய்யக்கூடியவை உண்டு. குறைமாதத்தில் பிள்ளை பெற்றவள் முதல் நாளிலிருந்தே, ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பாலைக் கறந்தெடுத்தால் சுரப்பு பெருகும். அதற்கு ஓய்வும் ஆறுதலும் தருவது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு. சோதிக்கப்படாத பாலை முன்பின் அறியாதவரிடம் வாங்கிக் கொடுப்பது ஆபத்து. எதையும் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். தமிழகத்திலுள்ள நம் உறவினருக்குப் பால் வங்கியைப் பற்றி எடுத்துச் சொல்லலாம்.

நான் குறிப்பிட்ட பாட்டி, தாதி பொறுமையாக விளக்கிய பின் ஒப்புக்கொண்டார். குழந்தை தேறியது. பிறகு தாய்க்குப் பால் பெருகியபோது, மிஞ்சியதை வங்கிக்குக் கொடுக்கச் சொன்னவரும் அதே பாட்டிதான். அன்னதானத்தைப் போற்றும் நம் சமுதாயம், பச்சிளம் பிள்ளைக்கு அளிக்கும் இந்த முதல் அன்னத்தையும் போற்றுவதாக!