‘ஜப்பான் எஞ்சின்’: ஒரு பண்டத்தின் ஆண்டுவரிசை

வில்லாபுரத்து ஒர்க்ஷாப்புகளில் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ வருஷம் கேட்டுத்தான் விலை பேசுகிறார்கள். “எம்பத்தாறு மாடலாண்ணே? அப்ப ஜப்பான் எஞ்சின்.” தொண்ணூறுக்குப் பிந்தியதென்றால் குரல் இறங்கிவிடும்.

98 சி.சி., டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். எஸ்கார்ட்ஸ் 1985-ல் கொண்டுவந்தது. புகைக் கட்டுப்பாடு இறுகிய 1996-ல் உற்பத்தி நின்றது. தொடக்கத்தில் பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு படிப்படியாக இங்கேயே வார்த்தார்கள், கடைந்தார்கள். அடிப்படை வடிவமைப்பு ஏறக்குறைய அதேதான். மாறியது கை. உலோகத்தின் தரம் வேறுபட்டிருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் ‘நம்மாளு கை பட்டாச்சு, கெட்டுச்சு’ என்கிற தீர்ப்பு அளவுகோல் எதையும் தொடாமலே வந்துவிடுகிறது. மாடல் வருஷம் இங்கே ஒரு சாதிச் சான்றிதழ் மாதிரி வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் விநோதம், அந்த ‘அசல்’ சிலிண்டர் முப்பதாண்டுக்கு மேல் சும்மா ஓடவில்லை. தேயத் தேய லேத் பட்டறையில் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டி, கிராங்கைப் பிரித்து பேரிங் மாற்றி ஓட்டிவைத்திருப்பது மதுரைக் கைகள். விற்கும்போது அந்தக் கூலி பேச்சிலேயே வராது. “சுத்த ஜப்பான்ணே, பிரிக்கவே இல்ல” என்றுதான் கைமாறுகிறது.