செக்ரோலில் பெயர் உள்ளவரை

கினிகத்தேனையிலிருந்து மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு இரண்டு பாதைகள் உண்டு. நாவலப்பிட்டி, கம்பளை வழியே இறங்கினால் பேராதனை. கித்துல்கல, அவிசாவளை வழியே இறங்கினால் கொழும்பும் மொறட்டுவையும். எந்தப் பாதையில் போனவரும் மூன்று நான்கு வருடம் கழித்து அதே மலைப்பாதையில் பஸ் ஏறித் திரும்பும்போது பையில் ஒரு சான்றிதழும் ஒரு மடிக்கணினியும் இருக்கும். சான்றிதழை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. மடிக்கணினிக்குள் இருக்கும் ஓட்டோகேட், மெட்லாப், எஸ்பிஎஸ்எஸ், ஒபிஸ் போன்றவற்றின் கதை வேறு. பொறியியல் படித்தவரும் படவரைஞர் பயிற்சி முடித்தவரும் கணக்கியல் படித்தவரும் அவற்றைத் தம் சொத்தாகவே நினைத்துப் பழகிவிடுகிறார்கள். ஒருநாள் திரையில், மாணவர் என்பதை மீண்டும் உறுதிப்படுத்துங்கள் என்ற வாசகம் வந்து நிற்கும்போதுதான், கையில் இருந்தது இரவல் என்பது தெரியவருகிறது.

மலையகத்தவருக்கு இந்த ஏற்பாட்டை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் லயத்தில் ஒரு காம்பரா கிடைக்கும். தோட்டப் பதிவேடான செக்ரோலில் பெயர் இருக்கும்வரை அடுப்பு எரியலாம், முன்னால் கறிவேப்பிலைக் கன்று நடலாம், பிள்ளைக்குக் கல்யாணமும் செய்து வைக்கலாம். ஆனால் நான்கு தலைமுறை குடியிருந்தாலும் அந்தக் காம்பராவுக்குக் காணி உறுதி கிடையாது. ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் கேட்டு மலையகம் இத்தனை காலம் குரல் கொடுத்துவருவது இதனால்தான். மாணவர் உரிமத்தின் அமைப்பும் இதுவே: கல்லூரிப் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை பாவிக்கலாம், பெயர் நீங்கினால் உரிமையும் நீங்கும். ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். லயத்தில் நடந்தது அநீதி. மாணவர் உரிமம் தெரிந்து கொடுக்கப்படும் சலுகை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். உறுதி இல்லாத இடத்தில் குடியிருப்பவர், அங்கிருந்து எதை எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். படிப்பு முடிந்தபின் முழு உரிமத்துக்கு மாறுவது எப்படி என்ற கேள்வியைப் பலரும் காசுக் கணக்காக மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, நம்முடைய உழைப்பு யாருடைய பூட்டுக்குள் இருக்கிறது என்பது.

மாணவர் உரிமங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஓட்டோடெஸ்க் நிறுவனம் முன்பு மூன்று வருடத்துக்குக் கொடுத்தது. இப்போது ஒரு வருடத்துக்குத்தான் கொடுக்கிறது, மாணவராக இருக்கும்வரை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அதைக் கொண்டு கூலிக்கு வரைபடம் வரையக்கூடாது. மைக்ரோசொப்டின் ‘ஹோம் அன்ட் ஸ்டூடன்ட்’ பதிப்பு காசு கொடுத்து வாங்கியதாகவே இருந்தாலும் வியாபார வேலைக்கு அனுமதி தராது. கடைக்கு விலைப்பட்டியல் அடிப்பதும் அதில் அடங்கும். கல்லூரிக் கணக்கு வழியே வரும் ஒபிஸ் அந்தக் கணக்கோடு போய்விடும். மெட்லாபின் மாணவர் பதிப்பு படிப்புக்கு மட்டும். ஜெட்பிரெயின்ஸ், மாணவராக இருக்கும்வரை நிரல் எழுதும் கருவிகளை இலவசமாகத் தந்து, பட்டம் பெற்றதும் கழிவு விலையில் வாங்க அழைக்கிறது. அடோபியின் வழி இன்னொன்று: மாணவர் விலையில் வாங்கிய போட்டோஷொப்பில் கல்யாண அல்பம் செய்து சம்பாதிக்கலாம், ஆனால் அந்தச் சலுகை விலை நிலைத்து நிற்காது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்னால் உரிமப் பத்திரத்தில் மூன்று விடயங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது? கூலி வேலைக்கு இடம் உண்டா? அனுமதி முடிந்தபின் பழைய கோப்புகளைத் திறக்க முடியுமா? மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு, வருந்துபவர்கள் அதிகம்.

முழு உரிமத்துக்கு மாறுவது என்ற சொல்லின் பொருளே கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் மாறிவிட்டது. முன்பெல்லாம் மென்பொருள் பெட்டியில் வந்தது. ஒருமுறை காசு கட்டினால் அந்தப் பதிப்பு காலமெல்லாம் நம்முடையது. புதுப் பதிப்பு வேண்டாமென்றால் பழையதிலேயே வண்டியை ஓட்டலாம். 2013இல் அடோபி இனிமேல் சந்தா மட்டுமே என்று அறிவித்தது. 2016இல் ஓட்டோடெஸ்க்கும் புதிய நிரந்தர உரிமங்களை விற்பதை நிறுத்தியது. இன்று ஒரு பட்டதாரி மாணவர் பதிப்பிலிருந்து ‘முழு’ பதிப்புக்கு மாறினாலும் இரவல் காம்பராவிலிருந்து வாடகை வீட்டுக்குத்தான் போகிறார். உறுதி அங்கேயும் இல்லை. வாடகை நின்ற மாதமே கதவும் பூட்டப்படும்.

அந்த வாடகை எவ்வளவு என்பதை மலையகத்தின் அளவுகோலால் அளந்து பார்க்கலாம். ஓட்டோகேட்டின் ஒரு வருடச் சந்தா அமெரிக்க விலையில் ஏறக்குறைய 2,000 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் ஆறு லட்சம் ரூபாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் ஆறு லட்சம் என்பது 444 நாள் கொழுந்து பறித்த கூலி. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் ஒன்றரை வருடத்துக்குக் கிட்ட ஆகும். ஒரு தாயின் ஒன்றரை வருட உழைப்பு, மகனின் கணினியில் ஒரேயொரு மென்பொருளின் ஒரு வருட வாடகை. அந்த வாடகையும் டொலரில் கட்டப்படுவதால் நம் கையில் நிற்காது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அமெரிக்காவில் விலை ஒரு சதமும் ஏறாமலேயே நான்கு லட்சத்துச் சந்தா இரண்டு மாதத்தில் ஏழு லட்சத்தைத் தாண்டியது. மென்பொருளை வாடகைக்கு எடுப்பவர் கூடவே டொலரின் ஏற்ற இறக்கத்தையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

இந்தக் கணக்கைக் கேட்டவுடன் வரும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கிராக் போட்டுக்கொண்டால் போகிறது, நாடே அப்படித்தானே ஓடுகிறது, கினிகத்தேனையில் ஒரு பையன் வீட்டு வரைபடம் வரைவதால் அமெரிக்கக் கம்பனி முழுகிவிடுமா? முழுகாது என்பது உண்மை. ஆனால் ஆபத்து கம்பனிக்கு அல்ல, வரைகிறவருக்கு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பதிப்புரிமையால் பாதுகாக்கிறது. உரிமையை மீறிய மென்பொருள் என்று தெரிந்தே அதை வியாபார லாபத்துக்குப் பாவிப்பவருக்கு நீதவான் நீதிமன்றத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டமோ ஆறு மாதச் சிறையோ இரண்டுமோ விதிக்க அந்தச் சட்டத்தின் 178ஆம் பிரிவு இடம் தருகிறது. சட்டத்தை ஒருபக்கம் வைத்தாலும், கிராக் போடும்போது முதலில் வரும் கட்டளை வைரஸ் காப்பை நிறுத்தச் சொல்வதாகவே இருக்கும். வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டு முன்பின் தெரியாதவரை உள்ளே கூப்பிடுகிற காரியம் அது. வாடிக்கையாளரின் காணி விபரமும் வங்கிக் கடவுச்சொல்லும் அதே கணினியில்தான் இருக்கின்றன.

அப்படியானால் காசில்லாதவர் தொழிலே செய்யக்கூடாதா என்ற கேள்வி நியாயமானது. பதில், யார் காசு கட்ட வேண்டும் என்பதைப் பொறுத்தது. அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் தம் சொந்தக் காசில் எதையும் வாங்கத் தேவையில்லை. மண்வெட்டியும் கொழுந்துக் கூடையும் போல மென்பொருளும் வேலை கொடுப்பவர் தரவேண்டிய கருவி. அலுவலக வேலையை இரவில் வீட்டு மடிக்கணினியின் மாணவர் பதிப்பில் முடித்துக் கொடுப்பவர் விசுவாசம் காட்டுவதாக நினைக்கிறார். உண்மையில் தமக்கும் அலுவலகத்துக்கும் சேர்த்தே வம்பை வாங்கிக் கொடுக்கிறார். சொந்தமாகத் தொழில் செய்பவர்தான் கணக்குப் பார்க்க வேண்டியவர். தளவரைபடம் மட்டும் வரைபவருக்கு முழு ஓட்டோகேட் தேவையே இல்லை, கால்வாசி விலைக்கு அதன் எல்டி பதிப்பு உண்டு. ஒருமுறை மட்டும் காசு வாங்கி நிரந்தர உரிமம் தரும் பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவையும் உள்ளன. எப்போதாவது ஒரு பெரிய வேலை வருபவர் அந்த மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டி, அதை வாடிக்கையாளரின் பில்லில் சேர்க்கலாம். ஊரில் லொறி இல்லாதவர் கல் ஏற்ற லொறியை நாள் வாடகைக்குப் பிடிப்பதைப் போன்றதுதான் இது.

இதற்கெல்லாம் மேலாக, காசே கட்டாமல் கூலி வேலைக்கும் பாவிக்கக்கூடிய கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. லிப்ரே ஒபிஸ் தமிழ் இடைமுகத்தோடும் கிடைக்கிறது. நில அளவைக்கும் வரைபடத்துக்கும் கியூஜிஐஎஸ், படங்களுக்கு கிம்ப், படவரைவுக்கு பிரீகேட், புள்ளியியலுக்கு ஆர் என்று வரிசை நீளும். ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆசிரியர்கள் தொடங்கிய ஆர் இன்று உலகமெங்கும் ஆய்வுக் கட்டுரைகளில் நிற்கிறது. எஸ்பிஎஸ்எஸ் கோப்புகளைத் திறக்கப் பிஎஸ்பிபி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இவை மாணவருக்கு ஒரு சட்டம், பட்டதாரிக்கு ஒரு சட்டம் என்று பார்ப்பதில்லை. வேலை விளம்பரங்கள் ஓட்டோகேட்டைத்தானே கேட்கின்றன என்பார்கள். சரிதான், கேட்கின்றன. ஆனால் விளம்பரம் கேட்பது அதை ஓட்டத் தெரிந்தவரை. அந்தத் திறமை மாணவர் உரிமத்தில் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. அது காலாவதியாவதில்லை. இலவசக் கருவிகளில் குறை இல்லாமலும் இல்லை. ஓட்டோகேட்டின் டிடபிள்யூஜி கோப்புகளை அவை எல்லாம் சரியாகத் திறப்பதில்லை, கோடு இடம் மாறும், எழுத்து உடையும். அந்தக் குறை பெரும்பாலும் கருவியின் திறன் குறைவால் வருவதல்ல. வேலையைப் பூட்டிய கோப்பில் சேமித்ததன் விலை அது.

பூட்டு என்றால் என்ன என்பதை ஒரு பழைய தாளில் பார்க்கலாம். ஓட்டோகேட்டின் முந்தைய மாணவர் பதிப்புகளில் வரைந்து அச்சடித்த தாளின் நான்கு விளிம்பிலும், இது கல்விப் பதிப்பில் உருவானது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடும். வரைபடத்தில் கோடெல்லாம் திருத்தமாக இருக்கும். பிரதேச சபையில் நீட்டப் போகும் தாளில் அந்த விளிம்பு மட்டும் காட்டிக் கொடுக்கும். இதில் விஷமம் என்னவென்றால், மாணவர் கோப்பிலிருந்து ஒரு கதவின் படத்தை மட்டும் வெட்டி, காசு கட்டி வாங்கிய பதிப்பில் வரைந்த வரைபடத்தில் ஒட்டினாலும் முழு வரைபடத்துக்கும் அந்த வரி ஒட்டிக்கொள்ளும். புதிய பதிப்புகளில் அது நீங்கிவிட்டது, ஆனாலும் அது கற்பித்த பாடம் நீங்கவில்லை. எந்த நிலையில் செய்த வேலை என்பதைக் கோப்பு மறப்பதில்லை.

ஆகவே மாற்றத்தைத் தொடங்க வேண்டிய நேரம் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு அல்ல, கடைசி அரையாண்டு. அந்த நேரத்தில் எல்லாக் கதவுகளும் இன்னும் திறந்தே இருக்கின்றன. வரைபடங்களை டிஎக்ஸ்எப் ஆகவும் பிடிஎப் ஆகவும், அட்டவணைகளைச் சிஎஸ்வி ஆகவும், ஆய்வுக் கட்டுரையைத் திறந்த ஆவண வடிவிலும் இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாம். பல்கலைக்கழக மேகச் சேமிப்பில் கிடப்பவற்றை வெளியே இறக்கலாம். இதைவிடச் சின்ன வேலை ஒன்று உண்டு. அதைத் தவறவிட்டால்தான் மிகப் பெரிய தலையிடி. ஏசி.எல்கே என்று முடியும் கல்லூரி மின்னஞ்சலில் திறந்த கணக்குகளை எல்லாம் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்ற வேண்டும். கல்லூரி அந்த முகவரியை மூடியபின் கடவுச்சொல்லை மறந்தால், மீட்கும் இரகசிய எண் யாரும் திறக்க முடியாத பெட்டிக்குப் போய் விழும். பிறகு மென்பொருளுக்குக் காசு கட்டத் தயாராக இருந்தாலும் பழைய வேலை திரும்பக் கிடைக்காது.

இந்தப் பொறுப்பை மாணவர் தலையில் மட்டும் கட்டிவிடுவதும் சரியல்ல. கம்பனிகள் இலவசமாகக் கொடுப்பது கருணையால் மட்டுமல்ல. இருபது வயதில் கையில் படிந்த பழக்கம் நாற்பது வயதிலும் அலுவலகக் கொள்வனவைத் தீர்மானிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதில் தவறில்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் கற்பிக்கும் இடம் அந்தப் பழக்கத்துக்கு மட்டும் ஆள் தயாரிக்கும் இடமாகிவிடக்கூடாது. பல்கலைக்கழகமாக இருந்தாலும் தொழில்நுட்பக் கல்லூரியாக இருந்தாலும், ஓட்டோகேட்டை ஒரு தவணை கற்பித்தால் அதே பயிற்சியை ஒரு கட்டற்ற கருவியிலும் ஒருமுறை செய்யவைப்பதற்குப் பெரிய செலவில்லை. கொழும்பில் நல்ல அலுவலகத்தில் சேர்பவருக்கு இது ஒரு கூடுதல் திறமையாக இருக்கும். அம்பகமுவ, நோர்வூட் பக்கம் திரும்பி வந்து, ஏழு பேர்ச்சஸ் காணியில் எழும்பும் வீடுகளுக்கு வரைபடம் வரைந்து பிழைக்க நினைப்பவருக்கு அது முதலாகவே இருக்கும்.

சந்தா கட்டுவதா, மலிவுப் பதிப்புக்குப் போவதா, கட்டற்ற கருவிக்கு மாறுவதா என்பதை அவரவர் தொழிலும் வருமானமும் தீர்மானிக்கட்டும். மூன்றும் நேர்மையான வழிகளே. கருவிக்கு உறுதி எல்லா வழியிலும் கிடைத்துவிடாது. தாம் வரைந்த கோட்டுக்கும் எழுதிய வரிக்கும் எந்த வழியிலும் உறுதி எழுதிக்கொள்ளலாம், அதுவும் யாருடைய அனுமதியும் இல்லாமல் எந்தக் கணினியிலும் திறக்கும் வடிவில் அவற்றை எடுத்து வைத்திருந்தால். செக்ரோலில் பெயர் போகும் நாள் எது என்பது மாணவருக்கு முன்கூட்டியே தெரியும். லயத்தில் இருந்தவர்களுக்கு அந்தத் தேதியை யாரும் சொன்னதில்லை.