உடலின் நீர்க் கணக்கு

வரவும் செலவும் ஒத்திராத சங்கம் நெடுநாள் நிலைத்திராது என்பதை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். மனித தேகத்திற்கும் இவ்விதி பொருந்தும். நாம் உண்பதிலும் பருகுவதிலும் வரவாகும் நீருக்கும் உப்புக்கும் செலவெழுதி வருபவை சிறுநீரகங்கள். அவை ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதை உடலுக்கே திருப்பித் தருகின்றன. அவை அடியோடு பழுதுற்றாலும் வரவு நிற்பதில்லை, செலவுதான் நின்றுவிடுகிறது. வடிகால் அடைபட்ட வயலைப் போல, தேகத்தில் நீர் தேங்கத் தொடங்குகிறது. கால் வீங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுகிறது, இருதயம் தளர்கிறது.

இந்நிலைக்கு மாற்றாக வந்ததே டயாலிசிஸ் என்னும் ரத்தச் சுத்திகரிப்பு. நெதர்லாந்து தேசத்து வைத்தியர் வில்லெம் கோல்ஃப் 1943-இல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்து, 1945-இல் அதனால் ஓர் உயிரை மீட்டார். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர், கையிலேயே நிலையாகக் குழாய் பொருத்தி, ஒருவருக்கே மீண்டும் மீண்டும் சிகிச்சை செய்ய வழி கண்டார். அவரிடம் முதலில் அம்முறையில் சிகிச்சை பெற்றவர் 1971 வரை வாழ்ந்தார். மிகுந்த நீரை வடித்து, உணவில் உப்பையும் குறைத்தால் ரத்த அழுத்தம் தணியும் என்பது அவரிடத்திலேயே தெளிவாயிற்று.

ஆயினும் இயந்திரம் சிறுநீரகத்திற்கு முற்றும் ஈடாகாது. ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். வாரம் மும்முறை, முறைக்கு நான்கு மணி என்றால் இயந்திரம் வேலை செய்வது 12 மணி நேரமே. இரண்டு மூன்று நாள் சேர்ந்த நீரை அந்நேரத்திற்குள் எடுத்தாக வேண்டும். இயந்திரமோ ரத்தத்திலிருந்துதான் நீரை எடுக்கும். உடலின் மற்றப் பாகங்களில் தங்கிய நீர் மெல்ல மெல்லவே ரத்தத்தில் வந்து சேரும். விரைந்து இழுத்தால் அழுத்தம் சரிகிறது. தசை பிடித்து இழுக்கிறது. இருதயத்திற்கும் ரத்தம் குறைகிறது. மணிக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் நீர் எடுக்கப்பட்டவர்களிடையே மரணம் மிகுதி என 2011-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இவ்வளவு, நான்கு மணியில் மூன்று லிட்டருக்குச் சற்று மேல்.

பிரான்ஸில் லியோன் நகரை அடுத்த தாசேன் என்ற ஊரில் பெர்னார் ஷாராவும் சக வைத்தியர்களும் வேறு வழியில் சென்றனர். முறைக்கு எட்டு மணி நேரம் நிதானமான சுத்திகரிப்பு. கூடவே உப்புக் குறைந்த உணவு. அவர்கள் 1992-இல் வெளியிட்ட கணக்கின்படி ஐந்தாண்டு கழித்து நூற்றுக்கு 87 பேரும், பத்தாண்டு கழித்து 75 பேரும் உயிரோடிருந்தனர். பெரும்பாலோருக்கு ரத்த அழுத்த மருந்தே தேவைப்படவில்லை. நீண்ட நேரச் சிகிச்சையில் நஞ்சும் நன்கு நீங்குமாதலால், முழுப் பலனையும் நீர்ச் சமநிலைக்கே உரியதாக்க இயலாது. எனினும் அழுத்தம் அடங்கியதே ஆயுளுக்குக் காரணம் என்பது அவ்வைத்தியர்களின் முடிவு.

மிகுதி நீர் நீங்கிய பின் நிற்கும் எடையை 'உலர் எடை' என்பர். ஈரமேறிய நூலைத் தராசிலிட்டால் எடை கூடும், நூல் கூடியதாகாது. நோயாளி இரு சிகிச்சைகளுக்கிடையே ஏறும் எடையும் அத்தகையதே. ஒரு கிலோ ஏறினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். அவ்வுலர் எடையை வைத்தியரே நிர்ணயித்து, அவ்வப்போது திருத்த வேண்டும். மிகக் குறைத்தலும் தீங்கே.

இக்கணக்கின் திறவுகோல் தண்ணீரைவிட உப்பிலேயே இருக்கிறது. சுமார் ஒன்பது கிராம் உப்பு ஒரு லிட்டர் நீரை உடலில் நிறுத்திவைக்கும். உப்பை உண்டவருக்குத் தாகம் அடங்காது. அவரைக் குடிக்காதே எனக் கண்டிப்பதில் பயனில்லை. ஊறுகாய், கருவாடு, அப்பளம், வற்றல் ஆகியவற்றை விலக்குவதே முதற்படி. கஞ்சி, ரசம், மோர் ஆகியவையும் நீர்க் கணக்கில் சேரும். மாற்று உப்பு என விற்பனையாகும் சிலவற்றில் பொட்டாசியம் இருப்பதால், அவை இந்நோயாளிகளுக்கு ஆபத்தானவை. இக்கட்டுப்பாடு நோயாளிக்கே உரியது. வெயிலில் உழைக்கும் மற்றவர்கள் தாகத்திற்குக் குறையாமல் நீர் பருக வேண்டும்.

2016-இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டத்தால் மாவட்ட மருத்துவமனைகளிலும் இயந்திரங்கள் அமைந்தன. ஆனால் அன்றாடக் கூலியை எண்ணி ஒரு முறையை விடுவதும், நான்கு மணியை மூன்றாகச் சுருக்குவதும் நோயாளியின் ஆயுளையே சுருக்கிவிடும். நம் சங்கத்தில் அத்தகைய அங்கத்தினர் இருப்பின், அவருடைய சிகிச்சை நாளில் தறி வேலையையோ நீர் பாய்ச்சும் முறையையோ மற்றவர் ஏற்றுக்கொள்வோமாக. அவர் வீட்டு அடுப்பில் உப்புக் குறையட்டும். கூட்டுறவு என்பதன் பொருள் இதனினும் வேறில்லை.