குடிநீர் வடிகட்டி: பெட்டியின் விலையும் உருளையின் ஆயுளும்

ஜூன் மாதத்தில் பருவமழை இறங்கியதும் மும்பையின் குழாய்நீர் சில நாள்களுக்குச் சற்றே கலங்கலாக வருவது நமக்குப் பழகிய காட்சி. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் குடிநீர் வடிகட்டியின் நினைவு பலருக்கும் அப்போதுதான் வருகிறது. தண்ணீர் நூலாக இறங்குகிறது. அல்லது சிவப்பு விளக்கு எரிகிறது. அல்லது வீட்டில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. இயந்திரம் வாங்குவதற்கு நான்கு கடை ஏறி இறங்கி விலை விசாரித்தவர்களிடம், அதனுள் இருக்கும் வடிகட்டி உருளையை, கடைக்காரர் மொழியில் சொன்னால் கார்ட்ரிட்ஜை, கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. உண்மையில் தண்ணீரைத் தூய்மை செய்வது அந்த உருளைதான். இயந்திரம் என்பது அதைத் தாங்கி நிற்கும் பெட்டி.

எந்த உருளை வேண்டும் என்பதை நம் வீட்டுக்கு வரும் தண்ணீர்தான் முடிவு செய்ய வேண்டும். துளசி, விஹார், தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாத்சா ஆகிய ஏழு நீர்நிலைகளிலிருந்து மும்பைக்குக் குடிநீர் வருகிறது. பாண்டுப், பாஞ்ச்ராபூர் நிலையங்களில் அது சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் கலக்கப்பட்டே நகருக்குள் நுழைகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். நகரின் பெரும்பகுதிக்கு நாளொன்றுக்குச் சில மணி நேரமே தண்ணீர் விடப்படுகிறது. மற்ற நேரங்களில் குழாயில் அழுத்தம் இல்லை. அப்போது இணைப்புகளில் உள்ள கசிவுகள் வழியே வெளியிலுள்ள அழுக்குநீர் உள்ளே புகுகிறது. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இது இன்னும் மோசமாகும். தாராவியின் சந்துகளில் சாக்கடையை ஒட்டியே குடிநீர்க் குழாய்கள் செல்லும் இடங்கள் உண்டு. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலோ தண்ணீர் முதலில் நிலத்தடித் தொட்டியிலும் பிறகு மொட்டைமாடித் தொட்டியிலும் தங்கித்தான் வீட்டுக்குள் வருகிறது. அத்தொட்டிகளைக் கழுவி எத்தனை மாதமாயிற்று என்பது கேட்க வேண்டிய கேள்வி.

ஆக, மாநகராட்சி நீரில் நாம் தடுக்க வேண்டியவை மண்ணும் கிருமியும்தான், உப்பு அல்ல. நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவை டி.டி.எஸ். என்பார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (எண் 10500) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இதை ஏற்கிறது. மலையடிவார ஏரிகளிலிருந்து வரும் மும்பை நீரில் இது பெரும்பாலும் 100-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். உப்பைப் பிரிப்பதற்கென்றே அமைந்த ஆர்.ஓ. இயந்திரத்தை இத்தகைய நீருக்கு மாட்டுவது, நல்ல தண்ணீரில் பெரும்பங்கைக் கழிவுக்குழாயில் விடுவதற்குச் சமம். டி.டி.எஸ். 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்ய விதிகள் கொண்டுவருமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதும் இந்தக் காரணத்தால்தான். மாநகராட்சி நீர் மட்டும் வரும் வீட்டுக்கு வண்டல் வடிகட்டி, கார்பன், அவற்றோடு யு.வி. விளக்கு அல்லது யு.எஃப். சவ்வு இருந்தால் போதும் என்பது நம் கருத்து.

செம்பூரில் டேங்கர் நீரையோ ஆழ்துளைக் கிணற்றையோ நம்பியிருக்கும் அடுக்ககங்களின் கதை வேறு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரால் நீங்களே அளந்து பாருங்கள். கோடையிலும் மழையிலும் தனித்தனியாக அளப்பது நல்லது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. 40 என்று காட்டும் தண்ணீரிலும் டைபாய்டு இருக்கலாம்.

விற்பனையாளர் வீட்டுக்கு வந்து செய்து காட்டும் ஒரு சோதனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரு கோப்பைகளில் உங்கள் குழாய்நீரையும் அவருடைய ஆர்.ஓ. நீரையும் ஊற்றி, மின்கம்பிகள் பொருத்திய கருவியை முக்குவார். சில விநாடிகளில் உங்கள் நீர் பழுப்பாகவும் சேறாகவும் மாறும். அவர் நீர் தெளிவாகவே இருக்கும். மின்சாரம் பாயும்போது அரிப்பது கருவியின் இரும்புத் துண்டு. அந்தத் துருதான் நிறமாகத் தெரிகிறது. உப்பு மிகக் குறைந்த நீரில் மின்சாரம் எளிதில் பாயாததால் அங்கே துரு உண்டாவதில்லை. அழுக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் வீட்டு ஆர்.ஓ. நீரில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து மீண்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் பெட்டியை மூடிவிடுவார்.

இனி உருளைகள். வண்டல் வடிகட்டி என்பது நூல் சுற்றியது போன்ற வெள்ளை உருளை. பொதுவாக 5 மைக்ரான் அளவுள்ள துகள் வரை தடுக்கும். ஒரு மைக்ரான் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாக்டீரியாக்கள் ஏறத்தாழ அந்த அளவினவே என்பதால் இந்த உருளையைத் தாண்டிவிடும். மண்ணை நிறுத்தி, பின்னால் இருப்பவற்றைக் காப்பதே இதன் வேலை. மூன்று முதல் ஆறு மாதம் வரை தாங்கும். மழைக்காலத்தில் இன்னும் விரைவில் அடைபடும். அடுத்தது கார்பன். குளோரினையும் நாற்றத்தையும் அது ஈர்த்துக்கொள்கிறது. இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரத்தின் விலை உயர்ந்த பாகம் மெம்பிரேன் எனப்படும் சவ்வு. குளோரின் பட்டால் அது சிதையும். சில நூறு ரூபாய் கார்பனை மாற்றாமல் மிச்சம் பிடித்தால், சில ஆயிரம் ரூபாய் மெம்பிரேன் போகும். குளோரின் நீக்கப்பட்ட நீருக்குக் கிருமியை எதிர்க்கும் திறன் இல்லை என்பதும் கவனத்துக்குரியது. காலம் கடந்த கார்பன் உருளைக்குள்ளேயே கிருமிகள் குடியேறும். அந்த நிலையில் வடிகட்டாத குழாய்நீரே மேலாக இருக்கக்கூடும்.

யு.வி. விளக்கு நீலமாக எரிகிறது என்பதால் வேலை செய்கிறது என்று பொருளல்ல. கிருமியைக் கொல்லும் கதிரின் வலிமை கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துகொண்டே வரும். ஏறத்தாழ ஓராண்டில், அல்லது தயாரிப்பாளர் குறித்துள்ள மணிக்கணக்கில், அதை மாற்றிவிட வேண்டும். மெம்பிரேனுக்கு மீட்டரே சாட்சி. உள்ளே செல்லும் நீரையும் வெளியே வரும் நீரையும் அளந்து வந்தால், வெளிவரும் எண் மாதந்தோறும் ஏறுவது தெரியும். நல்ல நிலையில் இரண்டு, மூன்று ஆண்டுகள் உழைக்கும்.

எதைக் கழுவலாம்? பழைய பீங்கான் கேண்டிலைக் கழுவலாம்: ஓடும் நீரில் மென்மையான பிரஷ்ஷால், சோப்பு இல்லாமல். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் எறிந்துவிட வேண்டும். வண்டல் உருளையின் மேற்புறத்தைத் தேய்த்து வெளுப்பாக்கலாம். ஆனால் உள்ளே சிக்கிய மண் போகாது. கார்பனைக் கழுவுவதில் பயனே இல்லை. அது நிரம்புவது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில். மாற்றும்போது குழாயை அடைத்து, மின்இணைப்பைத் துண்டித்து, உருளை அமரும் கூட்டைக் கழுவி, ரப்பர் வளையத்தைப் பள்ளத்தில் சரியாக உட்கார வைத்து மூடுங்கள். முதலில் வரும் கருமையான நீரைச் சில லிட்டர் கீழே விடுங்கள். மாற்றிய தேதியைக் கூட்டின் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். மே மாதத்தில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்புபவர்கள், பெட்டியில் தேங்கிய நீரை முழுவதும் வடித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

மின்சாரமோ நேரடிக் குழாயோ இல்லாமல், காலையில் டிரம்மில் பிடித்து வைக்கும் வீடுகளுக்கு மேலிருந்து கீழ் வடியும் வகை உண்டு. 2009-இல் டாடா குழுமம் வெளியிட்ட ஸ்வச் அவ்வகையைச் சேர்ந்தது. நெல் உமிச் சாம்பலைக் கொண்ட அதன் பல்பு 3,000 லிட்டர் முடிந்ததும் தானே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 லிட்டர் என்றால் 300 நாள். ஆயுள் முடிந்தபின் நீரை விடாமல் நின்றுவிடும் அமைப்பைத்தான் நாம் நாணயமான அமைப்பு என்போம். எதுவும் இல்லாத வீட்டில் ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட நீர் போதும்.

இப்போது கணக்குக்கு வருவோம். இயந்திரம் 12,000 ரூபாய், ஆண்டுக்கு உருளைகளும் பணிக்கட்டணமும் 4,000 ரூபாய் என்று கொள்வோம். ஏழு ஆண்டுகளில் பெட்டிக்கு 12,000, உள்ளிருப்பவற்றுக்கு 28,000. எனவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் விலை உருளையின் விலை. பொதுவான 10 அங்குல உருளை பொருந்தும் இயந்திரம் எனில் எந்தக் கடையிலும் மாற்றுப் பொருள் கிடைக்கும். குறிப்பிட்ட நிறுவனத்தின் உருளை மட்டுமே பொருந்துமாறு செய்திருந்தால், அந்நிறுவனம் சொல்வதே விலை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுமுன் மெம்பிரேனும் விளக்கும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். அடங்காதெனில் பெரும்பாலும் தனித்தனியே வாங்குவதே லாபம். மாதம் 350 ரூபாய்த் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கினால், மாற்றும் மாதத்தில் ‘அடுத்த சம்பளம் வரட்டும்’ என்ற எண்ணம் எழாது.

வங்கியில் இருப்பவர்கள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வடிகட்டி பழுதானால் இணையத்தில் சேவை எண்ணைத் தேடுகிறோம். முதலில் தெரியும் எண் போலியாகவும் இருக்கலாம். பேசுபவர் பதிவுக் கட்டணமாக 10 ரூபாய் கேட்டு ஓர் இணைப்பை அனுப்புவார், அல்லது உங்கள் கைபேசித் திரையைப் பார்க்கும் செயலியை நிறுவச் சொல்வார். அடுத்த சில நிமிடங்களில் கணக்கு காலி. சேவை எண்ணை இயந்திரத்தின் கையேட்டிலிருந்தோ, அதன்மேல் ஒட்டியிருக்கும் அட்டையிலிருந்தோ மட்டும் எடுங்கள். வேலை முடிந்தபின் பணம் கொடுங்கள். ஏமாற்றப்பட்டது தெரிந்தால் வெட்கப்பட்டுக் காலம் கடத்த வேண்டாம். ஓ.டி.பி.யை நாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது, தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியுடையது என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும். முதலில் வங்கியின் எண்ணை அழைத்துக் கணக்கை முடக்குங்கள். உடனே 1930-ஐ அழையுங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள்.